உத்தமண்ணாவின் கன்னடம்

செப்டம்பர் மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஜூலியா வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் நிர்வாகி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நான்கு பக்கக் காகிதம் ஒன்றில் கையெழுத்துக் கேட்டார். யார் வீட்டுக்குப் போகிறாய், அங்கே என்ன பார்த்தாய், என்ன கேட்டாய் என்பதைக் கட்டின புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது. நான்கு பக்கத்தின் சாரமும் அதுதான். ஜூலியா பதினேழு வருஷமாக ஸ்பீச் தெரபிஸ்ட். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களை உட்கார வைத்து, பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பப் பேச வைப்பவள். நோயாளி விஷயத்தை வெளியே பேசும் பழக்கம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது. அதனால் பாதி படித்ததுமே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"சீனியர் ரெண்டு பேர் இருக்காங்களே சார், ஏன் என்னை?" என்று மட்டும் கேட்டாள்.

"அவங்களுக்குத் தமிழ் வராதும்மா. இந்த கேஸுக்குத் தமிழ் வேணும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு சதாசிவநகரில் அந்த வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் அவளுக்கு விளங்கியது. வாசலில் துப்பாக்கிப் போலீஸ். மாடியறையில் சாய்வு நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர் மந்திரி உத்தமன். டெங்கு காய்ச்சலில் ஓய்வெடுக்கிறார் என்று இரண்டு வாரமாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த அதே உத்தமன்.

பெங்களூரில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கிய ஒருவரின் மகன். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். பதினெட்டு வயதில் தொழிற்சங்க மேடையில் மைக்கைப் பிடித்தவர், பிறகு அதை விடவே இல்லை. கவுன்சிலர், நான்கு முறை எம்.எல்.ஏ., இரண்டு முறை மந்திரி. அவர் பேசும் கன்னடத்தைக் கேட்பதற்கென்றே எதிர்க்கட்சிக்காரர்கள் கூட்டத்தின் ஓரத்தில் வந்து நிற்பார்கள். மண்டியாப் பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். வீட்டிலும் நாற்பது வருஷமாகக் கன்னடம்தான். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. ஜனங்களுக்கு அவர் உத்தமண்ணா.

செப்டம்பர் நான்காம் தேதி குளியலறையில் விழுந்திருக்கிறார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. நல்லவேளையாகச் சீக்கிரம் கொண்டுபோனதில் கையும் காலும் தப்பின. வாய்தான் தப்பவில்லை.

மகள் தீபிகா அறையில் நின்றுகொண்டிருந்தாள். வக்கீல். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "பன்னெண்டு நாளா ஏதேதோ உளர்றார். ஒரு வார்த்தைகூட அர்த்தமா வரல. நர்ஸ் ஒருத்தி அது தமிழ்போல இருக்குன்னா," என்றாள் கன்னடத்தில். கடைக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான் அவளுக்குத் தமிழ் தெரியும்.

ஜூலியா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே, அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தாள். "வணக்கம் சார். என் பேரு ஜூலியா."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது. பிறகு குழறலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது. "நாஷ்டா… நாஷ்டா பண்ணியா?"

"என்ன சொல்றார்?" என்றாள் தீபிகா.

"சாப்பிட்டாயான்னு கேக்கறார்."

தீபிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய முதுகு குலுங்கியது. ஜூலியா அதைப் பார்க்காதவள்போல் பையைத் திறந்து படங்களை எடுத்து மேஜையில் அடுக்கினாள்.

ஒரு மாதம் தினமும் போனாள். இப்படி நடப்பது உண்டு என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு மூளையில் அடிபட்டால் சில சமயம் ஒன்று அடியோடு போகும், மற்றொன்று அரைகுறையாக மிஞ்சும். உத்தமனுக்குப் போனது மேடை ஏறிய கன்னடம். மிஞ்சியது சிவாஜிநகர் சந்தில் ஏழு வயது வரை பேசிய தமிழ். அதிலும் ஓட்டை உடைசல்தான். பேனாவைக் காட்டினால் கத்தி என்பார், எண்கள் குழம்பும், எந்த மொழி எழுத்தும் அவருக்குக் கோலம்போலத்தான் தெரிந்தது. எல்லாவற்றையும்விடக் கஷ்டம், ஆமாம் என்பதும் இல்லை என்பதும் இடம் மாறி வந்தது. காபி வேண்டுமா என்றால் ஆமாம் என்பார், கொண்டுவந்து வைத்தால் எரிச்சலோடு தள்ளுவார். மனசில் இருந்தது இல்லை. வாய் சொன்னது ஆமாம். அது அவருக்கே தெரியாது.

அவரிடமிருந்து சரியான பதிலை வாங்க ஜூலியா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு அட்டையில் டிக் குறி, இன்னொன்றில் பெருக்கல் குறி. கேள்வியை நேராக ஒரு தடவை, திருப்பிப் போட்டு ஒரு தடவை கேட்பாள். அவர் கை தடுமாறாமல் சரியான அட்டையைத் தட்டும்.

மாடியில் அவள் பார்த்த இன்னொன்றும் உண்டு. பத்து மணிக்கு அந்தரங்கச் செயலாளர் தேசிகன் ஃபைல்களோடு வருவார். தீபிகா புரட்டிப் பார்த்துத் தலையாட்டுவாள். தேசிகன் பக்கத்தைப் பிரித்து விரலால் இடத்தைக் காட்டுவார். உத்தமன் கையெழுத்துப் போடுவார். நாற்பது வருஷம் போட்ட கையெழுத்து, கை தானாகவே போட்டது. ஒருநாள் ஹெப்பகோடிப் பக்கம் ஏதோ நிலத்தைப் பற்றிய ஃபைல் வந்தது. அதை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தேசிகன் மெல்ல நேராக்கிக் கொடுத்தார். ஜூலியா தன் படங்களைப் பைக்குள் வைத்தாள். இது நம் வேலை இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அக்டோபரில் காற்று மாறியது. முதல்வர் கட்சிப் பொறுப்பேற்று தில்லிக்குப் போகப் போகிறார், அடுத்தது யார் என்று பேச்சு வந்தபோது முதலில் அடிபட்ட பெயர் உத்தமன். வீட்டு வாசலில் கார்கள் பெருகின. காய்ச்சல் தெளிந்துவிட்டது, குரல்தான் கொஞ்சம் கம்மியிருக்கிறது என்று தீபிகா எல்லோரையும் கீழேயே கைகூப்பி அனுப்பினாள். ஆனால் நவம்பர் ஒன்றாம் தேதியை அப்படி அனுப்ப முடியாது. மாநிலம் பிறந்த நாள். கொடியேற்றி நாலு வார்த்தை பேச வேண்டும்.

"வேணாம் மேடம். கூட்டத்தப் பார்த்தா பதட்டம் வரும். பதட்டம் வந்தா இருக்கறதும் போயிடும்," என்றாள் ஜூலியா.

"அன்னிக்கி உத்தமண்ணா மேடைக்கு வரலன்னா அதுவே செய்தி," என்றாள் தீபிகா. "நாலே வாக்கியம். பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ண வைங்க."

பத்து நாள் அந்த நாலு கன்னட வாக்கியத்தையே ஜூலியா பழக்கினாள். தொடையில் தாளம் தட்டி, ராகம்போட்டு, ஒவ்வொரு சொல்லாக. பத்தாம் நாள் அவர் தப்பில்லாமல் சொல்லி முடித்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மேடையில் இரண்டு வாக்கியம் வந்தது. மூன்றாவதின் நடுவில் நின்றது. முன்னால் ஆயிரக்கணக்கான பேர், மஞ்சளும் சிவப்புமாகக் கொடிகள். அவர் மைக்கை இறுக்கிப் பிடித்தார், கால் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு பெருத்த குரலில், தமிழில், "தொண்ட காயுதும்மா… தண்ணி… தண்ணி குடும்மா" என்றார். தீபிகா ஓடிப்போய் மைக்கை அணைத்தாள். எல்லாம் ஒன்பது நொடி.

அந்த ஒன்பது நொடியைச் சேனல்கள் பதினைந்து நாள் ஓட்டின.

எல்லோரையும் முந்திக்கொண்டு நின்றது ஒரு கன்னடச் செய்திச் சேனலின் கிஷோர். வடகர்நாடகத்துத் தார்வாடுக்காரன், நாற்பது வயது, மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேமராவுக்குள் குனிந்து பேசுவான். முதல் நாள் தலைப்பு, "கன்னடம் வராதவருக்குக் கன்னட நாட்டின் நாற்காலியா?" நாற்பது வருஷமாக ஜனங்களை மயக்கிய பேச்சு வெறும் வேஷம், உள்ளே இருந்த ஆள் அன்றைக்கு வெளியே வந்துவிட்டான் என்றான். இரண்டாம் நாள் அது குடியாக மாறியது. அந்தக் கால் சாய்வதை மெதுவாக்கி, வட்டம் போட்டு, மறுபடி மறுபடி காட்டினார்கள். உடல் அசைவு நிபுணர் என்று ஒருவர் வந்து கண் சொருகியிருப்பதை விளக்கினார். மூன்றாம் நாள் ரோட்டில் போகிறவர் வாய்க்கெல்லாம் மைக்கை நீட்டினார்கள். தகுதி, தகுதி, தகுதி. அந்தச் சொல் சேனலின் அடிப்பட்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஜூலியாவின் கணவன் ஃபிராங்க்ளின் டிவியைப் போட்டான். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் அவன்.

"பாரு ஜூலி, கண்ணப் பாரு. ஃபுல் லோடு. கொடி ஏத்தற அன்னிக்கே ஏத்திக்கினு வந்துட்டான்."

"சேனல மாத்து ஃபிராங்க்."

"ஃபேக்டரில தல காட்ட முடியல தெரியுமா? 'ஏனு சார், நிம்ம லீடர் நீரு கேள்தாரே'ன்னு லைன்ல இருக்கிற பொண்ணுங்ககூடக் கிண்டல் பண்ணுது. உங்க தலைவர் தண்ணி கேக்கறாராம்! நான் என்னிக்கி அவனுக்கு ஓட்டுப் போட்டேன்? தமிழன்னா எல்லாத் தமிழனும் ஒண்ணா?"

"மாத்துன்னு சொன்னேன்ல."

அவள் குரல் உயர்ந்ததில் அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் தட்டோடு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கை கழுவும்போது தண்ணீர் சத்தத்துக்கு மேலே கிஷோரின் குரல் கேட்டது. தொண்டை காய்ந்த ஒரு மனிதர் தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான் என்று இந்த வீட்டுக்குள்கூடச் சொல்ல முடியவில்லையே என்று நினைத்தபடி குழாயை இன்னும் திறந்துவிட்டாள்.

மறுநாள் காலை தீபிகாவிடம் சொன்னாள். "உண்மையச் சொல்லிடுங்க மேடம். ஸ்ட்ரோக்னு சொன்னா ஜனங்க புரிஞ்சுக்குவாங்க. இந்தக் குடிகாரப் பட்டம் போகும், அந்த மொழிப் பேச்சும் போகும்."

தீபிகா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "குடிச்சாருன்னா மன்னிச்சுடுவாங்க ஜூலியா. குடிக்காத மந்திரி யாரு? தமிழ் பேசினாருன்னாலும் ஆறு மாசத்துல மறந்துடுவாங்க. மூளை போச்சுன்னா? அத யாரும் மறக்க மாட்டாங்க. தில்லியில அடுத்த வாரம் முடிவு பண்றாங்க. இன்னும் ஒரு வாரம்."

"அவருக்கு இது வேணுமா? அவர யாராவது கேட்டீங்களா?"

"நீங்களே கேளுங்க. உங்க பாஷையில."

ஜூலியா கேட்டாள். இரண்டு அட்டையையும் மேஜையில் வைத்து, "சார், சீஃப் மினிஸ்டர் ஆகணுமா உங்களுக்கு?" என்றாள். அவர் யோசிக்கவே இல்லை. டிக் போட்ட அட்டையை அறைந்தார். "எல்லாத்தையும் விட்டுட்டு வீட்லயே இருந்துடலாமா?" பெருக்கல் அட்டையைத் தட்டி, அதை மேஜையிலிருந்தே தள்ளிவிட்டார். "மூட்ட…" என்றார். "எங்கப்பன்… மூட்ட… பஸ் ஸ்டாண்டு…" மேலே வரவில்லை. விரலைத் தன் நெஞ்சில் குத்தி, பிறகு ஜன்னலுக்கு வெளியே, சட்டசபை நடக்கும் விதான சௌதா இருக்கும் திசையில் நீட்டினார். ஜூலியா குனிந்து அட்டையைப் பொறுக்கினாள். இதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

ஊர் வாயை அடைக்க ஒரே வழி, கிஷோரையே வீட்டுக்குக் கூப்பிடுவது என்று தீபிகா முடிவு செய்தாள். நேரலை இல்லை, பதிவு. ஐந்து கேள்வி, முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது. குரல்வளையில் வீக்கம், அதிகம் பேசக் கூடாது என்று யாரோ ஒரு டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தை ஜூலியாவிடம்தான் முதலில் கேட்டார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் அந்த ஐந்து பதிலையும் பழக்க மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் அட்டையை அறைந்த வேகம் கண்ணிலேயே நின்றது. ஒவ்வொன்றும் ஆறு சொல்லுக்குள். சிக்கினால் முதல் எழுத்தை மட்டும் உதட்டசைவில் காட்ட, கேமராவுக்குப் பின்னால் ஜூலியா உட்காருவது என்று ஏற்பாடு.

நவம்பர் பதினைந்தாம் தேதி காலை பதினோரு மணிக்குக் கீழ்க்கூடத்தில் விளக்குகள் வைத்தார்கள். கிஷோர் உள்ளே வந்ததும் உத்தமனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அண்ணா, காலேஜ் படிக்கிறப்ப ஹூப்ளியில உங்க பேச்சக் கேக்க இருபது கிலோமீட்டர் சைக்கிள்ல வந்தவன் நான்," என்றான். அது பொய்யாகத் தோன்றவில்லை. டிவியில் பார்த்ததைவிடச் சின்ன உருவம், களைத்த முகம்.

முதல் கேள்வி. பதில் வந்தது. இரண்டாவது. கொஞ்சம் இழுத்தது, ஜூலியா உதட்டைக் குவித்தாள், வந்தது. மூன்றும் நான்கும் ஐந்தும் அப்படியே. தீபிகா மூச்சு விட்டாள். கேமராக்காரன் நிமிர்ந்தான்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு அண்ணா," என்றான் கிஷோர். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு. "ஜனங்க கேக்கறாங்க, அதான். ஒண்ணாம் தேதி மேடைக்கு வர்றப்ப குடிச்சிருந்தீங்களா?"

"ஹௌது," என்றார் உத்தமன், பழகிய பதில்களில் இருந்த சொல். ஆமாம்.

தீபிகா, "கட், கட்! இந்தக் கேள்வி லிஸ்டுல இல்ல!" என்று எழுந்தாள்.

"கேமரா ஓடட்டும்," என்றான் கிஷோர் திரும்பாமல். அவன் முகமும் வெளுத்திருந்தது. "அண்ணா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஹௌதா, இல்லையா?"

"ஹௌது! ஹௌது!" எல்லோர் முகத்தையும் பார்த்து ஏதோ பிசகிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. என்ன பிசகு என்றுதான் புரியவில்லை. நெற்றி வியர்த்தது. இன்னும் அழுத்தமாகச் சொன்னால் சரியாகிவிடும் என்பதுபோல மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார். "ஹௌது!" பிறகு கன்னடம் முழுக்க நழுவித் தமிழ் கொட்டியது. "எங்கப்பன்… குடிச்சி… குடிச்சே செத்தான். நான் தொடல. தொடவேயில்ல. சத்தியமா…"

வாய் கன்னடத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தமிழில் சத்தியம் செய்து மறுத்தது. கொச்சைத் தமிழ், அதுவும் குழறல். தார்வாடுக்காரனுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பெற்ற மகளுக்கும் விளங்கவில்லை. விளங்கியது ஜூலியா ஒருத்திக்குத்தான். அவள் எழுந்தது அவளுக்கே தெரியாது.

"அவர் குடிக்கல!" என்றாள் கன்னடத்தில். "இல்லைன்னுதான் சொல்றார். அவருக்கு ஆமாம், இல்லை மாறி வரும். ஸ்ட்ரோக் சார். அவருக்கு ஸ்ட்ரோக்!"

இரண்டாவது கேமரா மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

"நீங்க யாரு மேடம்?" என்றான் கிஷோர்.

"ஸ்பீச் தெரபிஸ்ட்."

"எத்தன நாளாச்சு ஸ்ட்ரோக் வந்து?"

"பத்து வாரம்."

"படிக்க முடியுமா அவரால?"

தீபிகா வந்து ஜூலியாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கிஷோரின் பார்வை கூடத்தைச் சுற்றி வந்து, படிக்கட்டுப் பக்கம் ஃபைல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற தேசிகனிடம் போய் நின்றது.

"அப்ப பத்து வாரமா ஃபைல்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

நியாயமான கேள்விதான் என்று ஜூலியாவுக்குத் தோன்றியது. இரண்டு மாதமாக அந்தக் கேள்வி அவளுக்குள்ளேயும் இருந்தது. அவள்தான் அதை யாரிடமும் கேட்கவில்லை. உத்தமன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவளைப் பார்த்தார். கன்னடம் பேசத்தான் போயிருந்தது, கேட்டால் புரியும். அவள் சொன்னது முழுக்க அவருக்குப் புரிந்திருந்தது.

சாயங்காலமே ஒளிபரப்பினார்கள். குடிகாரன் என்ற பேச்சு ஒரே மணி நேரத்தில் செத்துப்போனது. அதைவிடக் கொடியது வந்து உட்கார்ந்தது. பொம்மை மந்திரி என்றார்கள். மகளின் மாநிலம் என்றார்கள். ஒரு காமெடி நிகழ்ச்சியில் ஒருவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் மேஜையைத் தட்டி ஹௌது, ஹௌது என்று கத்தினான். பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொம்மனஹள்ளி ஃபேக்டரியில் பையன்கள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான்காம் நாள் ராஜினாமாக் கடிதம் போனது. தட்டச்சு செய்தது தேசிகன், கையெழுத்து அவருடையது. வேறொருவர் முதல்வரானார். பத்து வாரத்து ஃபைல்களை விசாரிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தேசிகனை வேறு இலாகாவுக்குத் தூக்கி அடித்தார்கள்.

ஆஸ்பத்திரி நிர்வாகி மறுபடி ஜூலியாவைக் கூப்பிட்டு, அவள் கையெழுத்துப் போட்ட அதே நான்கு பக்கத்தை எதிரே வைத்தார். ஆறு மாதத் தற்காலிக நீக்கம். விசாரணை நடக்கும். "நல்ல மனசோடதான் செஞ்சிருப்பே. ஆனா நாளைக்கு எந்தப் பேஷன்ட் நம்மள நம்புவான், சொல்லு," என்றார்.

ஃபிராங்க்ளின் ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. "ஊருக்கே டிவில சொன்னே. என் பக்கத்துல உக்காந்து சாப்டப்ப எனக்குச் சொல்லல. என்ன அந்த ஆளப்பத்திக் கன்னாபின்னான்னு பேச விட்டே," என்றான் ஒரு நாள். அவள் சொன்னாள், "சொல்லக் கூடாது ஃபிராங்க்." சொல்லும்போதே அந்த வார்த்தை தன் வாயில் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஜனவரியில் தீபிகா ஃபோன் செய்தாள். "அப்பா உங்களப் பார்க்கணுங்கறார். பத்து நிமிஷம். எனக்கு உங்க முகத்தப் பார்க்கற ஆசை இல்ல. அவர் விட மாட்டேங்கறார்."

சதாசிவநகர் வீட்டு வாசலில் போலீஸ் இல்லை, கார்கள் இல்லை. உத்தமன் அதே மாடியறையில்தான் இருந்தார். மெலிந்திருந்தார். தமிழ் நன்றாகத் தேறியிருந்தது. நிறுத்தி நிறுத்தித்தான், ஆனால் வந்தது.

"உக்காரு."

உட்கார்ந்தாள். "சாரி சார்" என்று ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீ சொன்னது… பொய்யில்ல."

"அவங்க உங்களக் குடிகாரன்னு முடிவே கட்டிட்டாங்க சார். என்னால பார்த்துக்கினு இருக்க முடியல."

"கட்டட்டும். அது பொய். பொய்யத்… தாங்கியிருப்பேன். நாப்பது வருஷம்… எவ்ளோ பொய்யி தாங்கியிருக்கேன்." மூச்சு வாங்கினார். "என் வாய் போச்சு. அத ஊருக்குச் சொல்றது… என் வேல. ஒரு மாசமோ… ஒரு வருஷமோ. நான் சொல்லணும். நீ… எடுத்துக்கினே."

ஜூலியாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை. அந்த ஃபைல்களைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தாள். தலைகீழாகப் பிடித்த காகிதத்தைப் பற்றிச் சொல்லலாம். ஒருநாள், இரண்டு நாள் இல்லை, பத்து வாரம் நடந்தது, ஜனங்கள் விஷயம் அது என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அன்றைக்குக் கூடத்தில் அவள் எழுந்தது ஜனங்களுக்காக இல்லை. அதனால் அதைச் சொல்ல நா எழவில்லை.

"தெரபி நிக்கக் கூடாது சார். நான் வர வேணாம்னா வேற யாரையாவது…"

"வரா. ஸ்ரீலக்ஷ்மின்னு… ஒரு பொண்ணு. மைசூர்ப் பொண்ணு." நிறுத்தினார். "எனக்குக் கன்னடம் வேணும்மா."

அவள் தலையாட்டினாள். எழுந்து கும்பிட்டாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

தெருவில் ஸ்கூட்டரை எடுக்கும்போது ஃபோன் அடித்தது. ஹெப்பகோடியிலிருந்து வித்யாலட்சுமி என்ற பெண். தர்மபுரிக்காரி. கணவன் அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவன், டிசம்பரில் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வேலை இல்லாவிட்டாலும் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கலாமே என்று முந்தைய வாரம் ஜூலியாதான் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். திங்கட்கிழமை வருவதாகப் பேச்சு.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்து வூட்டு அக்கா சொல்லுச்சு… அன்னிக்கி டிவில வந்தது நீங்களாங்க?"

"நான்தாம்மா."

அந்தப் பக்கம் பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"எங்க வூட்டுக்காரருக்கு இப்டின்னு இன்னும் கம்பெனில சொல்லல மேடம். மஞ்சக்காமாலன்னு சொல்லி வச்சிருக்கோம். வேலைய வுட்டுத் தூக்கிருவாங்கன்னு."

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்மா."

"தெரியுங்க மேடம். நீங்க நல்லவங்கதான்." குக்கரை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. "அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு நானே ஃபோன் பண்றேங்க. திங்கக்கிழம நீங்க வர வேணாம்."

ஜூலியா சரி என்றாள். ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள். திங்கட்கிழமையும் அதற்கடுத்த திங்கட்கிழமையும் அவள் காத்திருந்தாள். அந்தப் பெண் ஃபோன் செய்யவில்லை.